இரண்டாவது நோயைத் தேடுதல்: முதுமையில் சேர்ந்து வரும் இரத்தப் புற்றுநோய்கள்

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் முப்பது வயதில் கனடாவுக்கு வந்து இறங்கிய தமிழர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஸ்கார்பரோவின் அடுக்குமாடிகளில் வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு கிழக்கே டர்ஹம் பிராந்தியத்துக்கு நகர்ந்து அஜக்ஸில் வீடு வாங்கிய குடும்பங்கள் பல. பிள்ளைகள் ஊரிலிருந்து வரவழைத்த தாய் தகப்பனும் அதே வீடுகளில் முதுமை அடைந்திருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்கள் வழக்கமாகத் தலைகாட்டும் வயதுக்குள் ஒரு தலைமுறையே நுழைந்திருக்கிறது. வட அமெரிக்காவில், எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களின் புற்றுநோயான மைலோமா கண்டறியப்படுகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 69 வயதைக் கடந்தவர்கள். நாள்பட்ட லிம்போசைட் லுக்கேமியா எனப்படும் சி.எல்.எல். நோய்க்கும் கணக்கு அதே அளவுதான். எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் கோணலாக விளையும் மைலோடிஸ்பிளாசியாவோ இன்னும் பிந்திய வயதுக்கு உரியது.

இவற்றுள் ஒன்று வந்தாலே குடும்பம் நிலைகுலைந்துபோகும். இரண்டு சேர்ந்தே ஒருவர் உடலில் இருக்கக்கூடும் என்பதை வீட்டார் நினைத்துப் பார்ப்பதில்லை. சில வேளை வைத்தியரும் நினைப்பதில்லை. அரிதாக நடப்பதுதான். ஆனால் நடக்கும்போது, முதல் நோயின் பெயரே இரண்டாவதை மறைத்துவிடுகிறது. அது எப்படி மறைகிறது, எப்படி வெளிப்படுத்துவது, வெளிப்பட்ட பின் எதை முதலில் தொடுவது என்ற மூன்று கேள்விகளும் இன்று இரத்தவியலின் கடினமான கேள்விகளுள் அடங்கும்.

ஒரே விடையின் கவர்ச்சி

எல்லா அறிகுறிகளையும் விளக்கக்கூடிய ஒரே காரணத்தைத் தேடு என்பது மருத்துவ மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி ஒக்காம் வில்லியத்தின் பெயரில் அது வழங்குகிறது. இருபது வயது நோயாளியிடம் அந்த விதி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. எழுபத்தைந்து வயதில் அது நம்பத்தக்க வழிகாட்டி அல்ல. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ஹிக்கம் இதற்கு நேர் எதிரான எச்சரிக்கையை விட்டுச் சென்றார்: ஒரு நோயாளிக்கு ஒரே நேரத்தில் எத்தனை நோய்களும் இருக்கலாம்.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். அஜக்ஸில் மகளோடு வாழும் 74 வயதுப் பெண். இருபது ஆண்டுகளாக நீரிழிவு. சில மாதங்களாகக் களைப்பு, முதுகு வலி. குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனையில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன. ஹீமோகுளோபின் லிட்டருக்கு 86 கிராமாகக் குறைந்திருக்கிறது. சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அடுத்த பரிசோதனையில் சி.எல்.எல். என்று முடிவு வருகிறது. இப்போது ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தயாராக இருக்கிறது. இரத்தக் குறைவு லுக்கேமியாவால், சிறுநீரகம் நீரிழிவால், முதுகு வலி வயதால்.

இந்த விளக்கங்கள் எதுவும் தவறாக இல்லாமலும் போகலாம். ஆனால் நேரும் பிழைக்கு விலை பெரிது. சி.எல்.எல். நோயின் படிநிலைகளை 1975இல் வகுத்தவர் இந்தியாவில் பிறந்த அமெரிக்க மருத்துவர் கான்டி ராய். அவருடைய முறையில் லிம்போசைட் மட்டும் கூடியிருந்தால் பூச்சியநிலை. சிகிச்சை தேவையில்லை, கவனித்து வந்தால் போதும். லுக்கேமியாவின் காரணமாக ஹீமோகுளோபின் 110க்குக் கீழே இறங்கினால் அது மூன்றாம் நிலை. சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய கட்டம். இரத்தக் குறைவுக்கு உண்மையான காரணம் வேறொரு நோய் என்றால், பூச்சியநிலையில் இருப்பவர் மூன்றாம் நிலைக்காரராக எண்ணப்பட்டுத் தேவையற்ற மருந்தைப் பெறுவார். உண்மையான நோய் அதன் போக்கில் வளரும்.

ஆகவே அனுபவமுள்ள இரத்தவியல் வைத்தியர் முதலில் தேடுவது பொருத்தமின்மையை. லிம்போசைட் சுமை சிறியது, நிணக்கட்டிகள் இல்லை, மண்ணீரல் வீங்கவில்லை. பிறகு ஏன் இவ்வளவு இரத்தக் குறைவு? இரத்தத்தின் மொத்தப் புரதம் கூடியிருக்க, அல்புமின் மட்டும் குறைந்திருப்பது ஏன்? கல்சியம் ஏன் ஏறுகிறது? கண்ணாடித் தகட்டில் பரப்பிய இரத்தத் துளியில் செவ்வணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டி நின்றால், இரத்தத்தில் வேண்டாத புரதம் மிகுந்திருக்கலாம். இவை விலை குறைந்த, சாதாரணப் பரிசோதனைகள். மைலோமாவின் முதல் தடயம் பல வேளை இவற்றில்தான் கிடைக்கிறது.

ஏன் சேர்ந்து வருகின்றன?

முதல் காரணம் வயது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஓல்ம்ஸ்டெட் மாவட்டத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் 3.2 சதவீதத்தினரின் இரத்தத்தில் ஒரே வகை பிளாஸ்மா அணுக்கள் சுரந்த புரதம் இருந்தது. எழுபதைத் தாண்டியவர்களில் அது 5.3 சதவீதம். இதை எம்.ஜி.யு.எஸ். என்பார்கள். இது புற்றுநோய் அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மைலோமாவாகவோ அதன் உறவு நோயாகவோ மாறக்கூடிய முன்நிலை. இரத்த எண்ணிக்கை சரியாக இருந்த, நாற்பது வயதைத் தாண்டிய பிரித்தானியர்களில் 3.5 சதவீதத்தினரிடம் சி.எல்.எல். அணுக்களை ஒத்த சிறு கூட்டம் இருந்ததை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2014இல் வந்த மரபணு ஆய்வுகள், எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு மஜ்ஜையில் மரபணுப் பிழை கொண்ட அணுக்குலம் ஒன்று வளர்ந்திருப்பதைக் கண்டன. முன்நிலைகளே இவ்வளவு பரவலாக இருக்கும்போது, இரண்டு தனித்தனியாக முற்றி ஒரே உடலில் சந்திப்பது வியப்பல்ல.

இந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுக்கப்பட்டவை. ஆசிய மக்களிடம் சி.எல்.எல். குறைவு, புலம்பெயர்ந்து வாழும் ஆசியரிடமும் அந்தக் குறைவு தொடர்கிறது. ஆனால் அரிது என்ற காரணத்தால் தமிழ் முதியவரின் லிம்போசைட் உயர்வை ஏதோ கிருமித்தொற்று என்று மாதக்கணக்கில் ஒதுக்கிவிடக் கூடாது.

இரண்டாவது காரணம் பொது வேர். அந்த வேரைக் கண்டுபிடித்த வரலாறு அஜக்ஸுக்கு அருகில், ரொறன்ரோவிலேயே நடந்தது. ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் இருவரும் 1961இல் இரத்தத்தை உருவாக்கும் தண்டணுக்கள் உண்டு என்பதற்கு முதல் உறுதியான சான்றைக் காட்டினார்கள். அதே நகரில் ஜான் டிக் குழுவினர் 1994இல் லுக்கேமியாவைத் தோற்றுவிக்கும் அணுவை எலிகளில் காட்டினர். 2014இல் இன்னொரு படி சென்றனர். தீவிர லுக்கேமியா நோயாளிகளின் தண்டணுக்களில் இருந்த ஒரு மரபணுப் பிழை, நோயில்லாத லிம்போசைட்டுகளிலும் இருந்தது. லிம்போசைட் கிளைக்கும், செவ்வணு, தட்டணு முதலியவை பிறக்கும் மைலாய்டு கிளைக்கும் பொதுவான ஓர் அணுவில் நெடுங்காலத்துக்கு முன்பே பிழை விழுந்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்த அடித்தளத்தின்மேல் வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு நோய்கள் எழக்கூடும்.

மூன்றாவது, முதல் நோய்க்குக் கொடுத்த சிகிச்சையே. மெல்பலான், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் மஜ்ஜைத் தண்டணுக்களின் டி.என்.ஏ.வைக் காயப்படுத்துகின்றன, ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்து மைலோடிஸ்பிளாசியா தலைதூக்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ராபின் ராபர்ட்ஸ் 2007இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். 2012இல் அவருக்கு மைலோடிஸ்பிளாசியா கண்டறியப்பட்டு, சகோதரியின் தண்டணுக்கள் மாற்றி வைக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கொழும்பிலோ பெற்ற சிகிச்சையின் விவரம் இன்று அஜக்ஸில் கேட்கப்படுவது இதனால்தான். எந்த மருந்து, எந்த ஆண்டு, கதிர்வீச்சு எந்த இடத்தில் என்ற பழைய காகிதங்கள் நோயறிதலின் பகுதி.

ஆய்வுக்கூடத்தில் நடக்கும் பிரிப்பு வேலை

ஒரே பி-லிம்போசைட்டிலிருந்து பெருகிய அணுக்கள் எல்லாம் காப்பா, லாம்டா என்ற இரு இலேசான புரதச் சங்கிலிகளுள் ஒன்றையே தயாரிக்கும். நலமான உடலில் இரண்டும் கலந்திருக்கும். மைலோமா நோயாளியின் சிறுநீரில் வெளியேறும் இந்தச் சங்கிலிகளைப் பற்றி லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1847இலேயே எழுதினார். அவை என்ன என்பது அடுத்த நூற்றாண்டில்தான் புரிந்தது. இன்று இரட்டை நோயைப் பிரிப்பதில் அவையே முதல் கருவி. லுக்கேமியா அணுக்கள் காப்பாவையும் பிளாஸ்மா அணுக்கள் லாம்டாவையும் தாங்கி நின்றால், அவை இரு வேறு மூலங்களிலிருந்து வந்தவை என்று கொள்ளலாம். இரண்டும் ஒரே சங்கிலியைத் தாங்கினால் முடிவு சொல்ல முடியாது. எதிர்ப்புரத மரபணுவின் வரிசையைப் படித்து ஒப்பிட வேண்டும்.

அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களைப் படிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, சி.எல்.எல். நோயை ஒரு குழாய் இரத்தத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். சி.டி. 5, சி.டி. 19, சி.டி. 23 மூன்றும் ஒரே அணுவில் சேர்ந்திருப்பது அதன் முத்திரை. ஆனால் பிளாஸ்மா அணுக்களை இந்தக் கருவி வழக்கமாகக் குறைத்தே எண்ணுகிறது. மாதிரி எடுத்துக் கையாளும்போதே அவற்றில் பல அழிந்துவிடுகின்றன. லுக்கேமியா நிறைந்த மஜ்ஜையில் அவை கண்ணில் படாமலும் போகலாம். ஆகவே இடுப்பெலும்பின் பின்முனையிலிருந்து உறிஞ்சிய திரவத்தோடு, எலும்பின் சிறு துண்டு ஒன்றையும் எடுத்து, சி.டி. 138 சாயமிட்டுப் பார்க்க வேண்டும். மைலோமா என்று சொல்லப் பொதுவாக மஜ்ஜையில் பிளாஸ்மா அணுக்கள் பத்து சதவீதமாவது இருக்க வேண்டும்; கூடவே கல்சியம், சிறுநீரகம், இரத்தம், எலும்பு இவற்றில் பாதிப்போ, 2014இல் சர்வதேச மைலோமா குழு சேர்த்த அடையாளங்களில் ஒன்றோ காணப்பட வேண்டும்.

மரபணுப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு என்று பலர் நம்புகிறார்கள். இரட்டை நோயில் அதுவும் ஏமாற்றும். 13ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு துண்டு இல்லாமல் போவது சி.எல்.எல். நோயாளிகளில் பாதிப் பேரிடம் காணப்படும் மாற்றம். மைலோமாவிலும் ஏறத்தாழ அதே அளவு. எஸ்.எஃப்.3பி.1 மரபணுவின் பிழை ஒருவகை மைலோடிஸ்பிளாசியாவின் அடையாளம், சி.எல்.எல். நோயாளிகளில் ஒரு பகுதியினரிடமும் அது உண்டு. டி.பி.53 பிழையோ எந்த நோயிலும் வரலாம். கலந்து கிடக்கும் மஜ்ஜையை மொத்தமாகச் சோதித்தால் பிழை இருப்பது தெரியும், அது யாருடையது என்பது தெரியாது. பிளாஸ்மா அணுக்களைத் தனியே பிரித்தெடுத்துச் சோதிக்கச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு எழுதுவது மருத்துவரின் பொறுப்பு.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. இரண்டு போலத் தோன்றுவது ஒன்றாகவும் இருக்கலாம். 1944இல் சுவீடன் நாட்டு யான் வால்டன்ஸ்ட்ரோம் விவரித்த நோயில் லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா அணுக்களும் சேர்ந்தே பெருகும். இரண்டும் ஒரே குலம். அதன் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் எம்.ஒய்.டி.88 மரபணுப் பிழை இருப்பது 2012இல் தெரிந்தது. சி.எல்.எல். அணுக்களே சிறிதளவு புரதம் சுரப்பதும் உண்டு. சி.எல்.எல். திடீரென்று தீவிர லிம்போமாவாக உருமாறுவது ரிக்டர் மாற்றம் எனப்படுகிறது. பெரும்பாலான நோயாளிகளில் அது பழைய நோயின் தொடர்ச்சி, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் முற்றிலும் புதிய நோய்.

தமிழ் முதியவரின் இரத்தத்தில் முன்பே இருப்பவை

மைலோடிஸ்பிளாசியா என்று முடிவு கட்டுமுன் பி12 உயிர்ச்சத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சைவ உணவும் நீரிழிவுக்கு நெடுநாள் எடுக்கும் மெட்ஃபார்மினும் பி12 அளவைக் குறைக்கக்கூடியவை. பி12 குறைந்த மஜ்ஜை நுண்ணோக்கியில் மைலோடிஸ்பிளாசியாவைப் போலவே தோன்றும். ஊசியால் குணமாகும் குறைபாட்டைப் புற்றுநோய் என்று சொல்லிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் பிறவித் தலசீமியாக் கூறும் செவ்வணுவைச் சிறிதாக்கும். மைலோடிஸ்பிளாசியா பெரும்பாலும் பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி அளவு சரியாகவே காட்டும். செந்தூரம், பற்பம் என்று ஊரிலிருந்து வரும் மருந்துகளில் சிலவற்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இருந்ததுண்டு. ஈயம் செவ்வணு உற்பத்தியைத் தடுக்கும், ஆர்செனிக் மஜ்ஜையைக் குலைக்கும். வீட்டு அலுமாரியில் இருக்கும் எல்லா மருந்தையும் வைத்தியரிடம் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். அது குற்ற விசாரணை அல்ல.

இன்னொரு சோதனை சிகிச்சைக்கு முன்பு நடக்க வேண்டியது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு, வெறுங்காலோடு மண்ணில் நடந்த இளமைக் காலத்தில் புகுந்து, கனடாவில் நாற்பது பனிக்காலம் கழிந்த பின்னும் உடலில் தங்கியிருக்கலாம். மைலோமாவுக்குத் தரும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் அது உடல் முழுதும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். இரத்தத்தில் எதிர்ப்புரதம் பார்த்து, ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாம். மறைந்திருக்கும் காசநோயும் ஹெபடைடிஸ் பி கிருமியும் அதேபோல் முன்கூட்டியே தேடப்பட வேண்டியவை. வெப்ப நாட்டில் பிறந்தவர் என்ற ஒரு வரி, பரிந்துரைக் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எதை முதலில் தொடுவது?

இரண்டு நோய் என்று உறுதியான பின் கேட்க வேண்டியது, இந்த உடலை இப்போது கெடுத்துக்கொண்டிருப்பது எது என்பதுதான். சி.எல்.எல். அமைதியாக இருந்து, மைலோமா எலும்பையும் சிறுநீரகத்தையும் தின்றுகொண்டிருந்தால் மைலோமாவுக்கே முதலிடம். மைலோடிஸ்பிளாசியா தட்டணுக்களைக் குறைத்துவிட்டிருந்தால், சி.எல்.எல். நோய்க்கு இப்ருட்டினிப் கொடுப்பது இரத்தக்கசிவுக்கு வழி திறக்கும்.

ஒரே மருந்து இரண்டையும் அடக்கிவிடாதா என்ற ஆசை இயல்பானது. அனுபவம் எச்சரிக்கிறது. மைலோமாவில் பலருக்கு ஆயுளை நீட்டிய லெனலிடோமைடு, சி.எல்.எல். உள்ள முதியவர்களிடம் முதல் மருந்தாகச் சோதிக்கப்பட்டபோது பழைய மருந்தான குளோராம்புசில் பெற்றவர்களை விட அதிகம் பேர் இறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013இல் அந்தச் சோதனையை நிறுத்தியது. சி.எல்.எல். சிகிச்சையை மாற்றிய வெனட்டோகிளாக்ஸ், மைலோமாவில் பெல்லினி என்ற சோதனையில் நோயைக் கட்டுப்படுத்தியபோதும் கூடுதல் மரணங்களைக் கொண்டுவந்தது. பலவற்றுக்குக் காரணம் கிருமித்தொற்று. 11, 14 குரோமோசோம்களுக்கு இடையே இடமாற்றம் உள்ள மைலோமாவில் மட்டும் அதற்குத் தனி நம்பிக்கை இருக்கிறது. மைலோமாவுக்குத் தரும் டாரட்டுமுமாப் இரத்தப் பொருத்தம் பார்க்கும் சோதனையையே குழப்பும். இரத்தக் குறைவுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளியானால், முதல் ஊசிக்கு முன்பே இரத்த வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும்.

மைலோமா, சி.எல்.எல். இரண்டும் நல்ல எதிர்ப்புரதங்களைக் குறைப்பதால் கிருமித்தொற்றே பெரிய பகையாகிறது. முன்னாள் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கோலின் பவல் கோவிட் தடுப்பூசி போட்டிருந்தும் 2021 அக்டோபரில், 84 வயதில், அந்தத் தொற்றின் சிக்கல்களால் இறந்தார். அவருக்கு மைலோமா இருந்தது. நிமோனியா, இன்ஃப்ளுவென்சா, அக்கி ஆகியவற்றுக்கான உயிரற்ற தடுப்பூசிகளைச் சிகிச்சைக்கு முன்பே போட்டுக்கொள்வதும், வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகள் போட்டுக்கொள்வதும் மருந்துக்கு இணையான காரியம்.

வீட்டுக்குள் நடக்கும் மறைப்பு

ரொறன்ரோவில் பிறந்து, 1994இல் 'நேதாஜி' என்ற தமிழ்ப் படத்தில் நடித்த லீசா ரே, தமக்கு மைலோமா என்பதை 2009இல் வெளிப்படையாகச் சொன்னார். தமிழ் வீடுகளில் அந்தத் துணிவு குறைவு. அம்மாவிடம் கான்சர் என்ற சொல்லைச் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அன்பினால்தான். ஆனால் ஒன்டாரியோவின் 1996ஆம் ஆண்டுச் சுகாதாரச் சிகிச்சை ஒப்புதல் சட்டம், புரிந்து முடிவெடுக்கும் ஆற்றல் உள்ளவரின் ஒப்புதலை அவரிடமே பெற வேண்டும் என்கிறது. இரட்டை நோயில் இது இன்னும் கனமான விடயம். ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்குக் காத்திருப்பு என்ற முடிவு, நோயாளிக்கு எது முக்கியம் என்பதைச் சார்ந்தது. நடக்க முடிவதா, மருத்துவமனைக்குப் போகும் நாட்களைக் குறைப்பதா, மூத்த பேத்தியின் திருமணம் வரை இருப்பதா என்பதை மகள் மொழிபெயர்த்துச் சொல்லிவிட முடியாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் குடும்பம் கேட்டுப் பெற வேண்டும்.

அஜக்ஸ் பிக்கரிங் மருத்துவமனை 2016 இறுதியிலிருந்து லேக்ரிட்ஜ் ஹெல்த் அமைப்பின் பகுதி. அந்த அமைப்பின் புற்றுநோய் மையம் ஒஷாவாவில் இருக்கிறது. மேலும் சிக்கலானால் நோயாளி ரொறன்ரோவின் பிரின்சஸ் மார்கரெட் மையத்துக்கு அனுப்பப்படலாம். மூன்று இடங்களில் மூன்று கோப்புகள் உருவாகும்போது, பழைய இரத்த எண்ணிக்கைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிய ஒரே கோப்பு நோயாளியின் கையில் இருப்பது பெரிய உதவி. லிம்போசைட் எப்போது ஏறத் தொடங்கியது, ஹீமோகுளோபின் எப்போது இறங்கத் தொடங்கியது என்ற இரு கோடுகளும் வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கினால், அதுவே இரண்டு நோய்களுக்கான முதல் சான்றாகலாம்.

புதிய மருந்துகளின் பரிசோதனைகள் பெரும்பாலும் வேறொரு புற்றுநோய் உள்ளவரைச் சேர்ப்பதில்லை. எண்பதை நெருங்கிய, சிறுநீரகம் தளர்ந்தவரையும் சேர்ப்பதில்லை. ஆகவே இரட்டை நோயாளிக்கான அறிவு தனி நோயாளி அறிக்கைகளிலிருந்தும் சிறு தொகுப்புகளிலிருந்தும்தான் வருகிறது. அவற்றில் தெற்காசிய முதியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இத்தகைய நோயாளிகளுக்கு ஒரு பொதுப் பதிவேடும், வயதையும் இரண்டாவது நோயையும் காரணம் காட்டிக் கதவடைக்காத பரிசோதனைகளும் வேண்டும். தமிழ் முதியவர்கள் பெருகிவரும் டர்ஹம் பிராந்தியம் அதைக் கேட்பதற்கு முழு உரிமை உள்ள இடம்.